வலிக்கவில்லை என்றாள் அம்மா

காலுறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"காலுறையா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போட்டுக்கொள்கிறதா?"

"இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் மாட்டி அனுப்புகிறார்களே, அந்த வெள்ளைக் காலுறை."

"அதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?"

"என் அம்மாவின் குதிகால் இருக்கிறது" என்றேன்.

கண்ணாடி மறுபடியும் மூக்குக்கு இறங்கியது. "எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே எழுதுகிறேன். இதைப் படிக்கும் சகோதரிகளில் பலருக்கு, இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு, தாயாருக்கோ மாமியாருக்கோ இந்தக் காலுறையை மாட்டிவிட நேரலாம். நான் செய்த தவற்றை நீங்கள் செய்யக் கூடாது. அதற்காகவே வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவருகிறேன். அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "எளுதிக்கோ கண்ணு. எம் பேரெ மட்டும் போட்றாதே" என்றாள்.

அம்மா இருப்பது திருச்செங்கோட்டில். அந்த ஊருக்குப் போனவர்களுக்குத் தெரியும்: அண்ணாந்தால் மலை, காதைத் திறந்தால் விசைத்தறிச் சத்தம். மலைமேல் அர்த்தநாரீசுவரர் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கிறார். அவரைத் தரிசிக்கச் சுமார் 1,200 படிகள் ஏற வேண்டும். மோட்டார் போகும் பாதையும் இருக்கிறது. ஆனால் அம்மா 68 வயதிலும் படியேறித்தான் போவாள். வழியில் பாறையில் செதுக்கியிருக்கும் பெரிய பாம்புக்குக் குங்குமம் வைத்துவிட்டு, மூச்சு வாங்க ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டு, மறுபடி ஏறுவாள். "கார்ல போனா சாமியப் பாத்த மாதிரியே இருக்கறதில்லெ" என்பாள். இத்தனைக்கும் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி உள்ளவள்.

சென்ற வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை. வீட்டின் பின்புறத்தை எங்கள் பக்கத்தில் பொடக்காலி என்போம். அங்கே துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி அம்மா விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நான் சென்னையிலிருந்து ஓடுவதற்குள் உறவினர்கள் அவளை வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தார்கள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். எலும்பைச் சேர்த்த வேலையில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஐந்தாம் நாள், மாத்திரைப் பை, ஊசி மருந்து, எக்ஸ்ரே படம், இரண்டு காலிலும் தொடை வரைக்கும் இறுக்கமான வெள்ளைக் காலுறை, இவற்றுடன் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"இதைக் கழட்டிடாதீங்க, ரத்தம் கட்டிக்கும்" என்று சீருடை அணிந்த ஒரு பெண் அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அந்த ஒரு வாக்கியத்தை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நம் காலுக்குப் போன ரத்தம் இருதயத்துக்குத் திரும்ப மேல்நோக்கி ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி அதை மேலே தள்ளுகிறது. படுக்கையில் கிடந்தால் இந்தத் தள்ளல் நின்றுபோகிறது. ரத்தம் தேங்குகிறது. ஓட்டம் மந்தமாவது, ரத்தக் குழாயின் சுவரில் காயம் படுவது, ரத்தத்துக்கே உறையும் குணம் கூடுவது ஆகிய மூன்றும் உறைகட்டிக்குக் காரணம். ஜெர்மானிய வைத்தியர் விர்க்கோ 1856-ல் எழுதியவற்றை ஒட்டி இவற்றை 'விர்க்கோவின் மூன்று காரணங்கள்' என்றே இன்றும் சொல்கிறார்கள். இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கு மூன்றும் சேர்ந்து வந்துவிடுகின்றன. காலில் உறைந்த கட்டி அங்கேயே கிடந்தால் வீக்கம், வலி. பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இதையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன். படித்த பெண் அல்லவா? அதனால்தான் பயம் இரண்டு மடங்காயிற்று. காலுறையை இராத்திரியிலும் கழற்றவில்லை. உடம்பு துடைத்துவிடும்போது தொடை மட்டும் துடைத்துவிட்டுக் காலுறையை விட்டுவிட்டேன். அம்மா குள்ளம், காலுறை நீளம். மேலே மிஞ்சியது வழிந்து வழிந்து முழங்காலில் வந்து நின்றது. அதைச் சேலைக் கொசுவத்தைச் செருகுவதுபோல நேர்த்தியாகச் சுருட்டிவிட்டேன். காலையும் மாலையும், "வலிக்குதா அம்மா?" என்று கேட்பேன்.

"இல்லெ கண்ணு. நீ பண்ணுனா எல்லாஞ் செரியாத்தான் இருக்கும்" என்பாள்.

அந்தப் பதிலில் எனக்கு எவ்வளவு பெருமை, தெரியுமா?

ஆறாம் நாள் எதிர்வீட்டு நர்ஸம்மா வந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஒரு பிடி முருங்கைக்கீரையைத் திண்ணையில் வைத்துவிட்டு, "பெரியம்மா எப்படி இருக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் கண் காலுக்குப் போயிற்று.

"அம்மிணி, இதெக் கழட்டிப் பாத்தீங்களா?"

"கழட்டவே கூடாதுன்னு சொன்னாங்க நர்ஸம்மா."

"ஆறு நாளாவா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் வாதாடவும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, காலுறையை மெல்ல மெல்லக் கீழே இறக்கினார்கள். நான் அழகாகச் சுருட்டியிருந்தேனே, அந்த இடத்தில் முழங்காலைச் சுற்றி வளையம் போட்டாற்போல் ஒரு பள்ளம். அதன் ஓரமெல்லாம் ஜவ்வரிசி ஒட்டியதுபோல நீர்க்கொப்புளங்கள். குதிகாலுக்கு வந்ததும் காலுறை ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கொதித்து ஆறிய நீரால் நனைத்து நனைத்து அதை விடுவித்தார்கள். குதிகாலின் பின்பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு, கனிந்த நாவற்பழ நிறத்தில் ஒரு திட்டு. அதன் விளிம்பில் தோல் கழன்று ஈரமாக இருந்தது.

"வலிக்கலியா அம்மா?" என்றேன்.

"இல்லியே கண்ணு. என்னாச்சு? நீ எதுக்கு அளுகறே?" என்றாள் அம்மா.

* * *

அன்று சாயங்காலமே எங்கள் ஊர் டாக்டர் வீட்டுக்கு வந்தார். புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் செய்த இரண்டு காரியங்கள் எனக்கு ஆச்சரியமாக இருந்தன. முதலில் பாதத்தின் மேல்புறத்தில் விரலை வைத்து நாடி பார்த்தார். நாடி நன்றாக இருந்தது. பிறகு தூண்டில் நரம்பைப் போன்ற ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார். அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாதத்தில் ஒவ்வோர் இடமாக அந்த இழையால் தொட்டு, "தெரியுதுங்களா?" என்று கேட்டார்.

முழங்காலுக்குக் கீழே, "தெரியுதுங் சாமி" என்றாள். கணுக்காலில் சற்று யோசித்தாள். கட்டைவிரலில் தொட்டபோது பேசாமல் இருந்தாள். குதிகாலில் தொட்டபோது, "இன்னும் தொடலீங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. "பதினைந்து வருஷச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி நரம்பு செத்துப்போயிருக்கிறது. இந்தக் காலுக்கு இந்தக் காலுறையே போட்டிருக்கக் கூடாது. போடுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் இப்படித் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

"தினமும் வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், டாக்டர்."

"கேட்டீர்கள். பதில் சொல்ல வேண்டிய காலுக்கு வாய் இல்லையே!"

ஆபரேஷன் செய்த டாக்டருடன் போனிலேயே பேசினார்கள். காலுறை நின்றது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஊசியை ஆபரேஷனிலிருந்து ஒரு மாதம் வரையில் விடாமல் போடுவதென்று முடிவாயிற்று. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்தார்கள். மறுநாளிலிருந்தே பிடித்து எழுப்பி நிற்க வைத்து, நடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு அடி, எட்டு அடி என்று நடக்க வைத்தார்கள். "காலுறையை எடுத்துவிட்டோம் என்று சும்மா படுத்துவிடக் கூடாது. ஒரு காவலை விலக்கினால் வேறு காவல் வேண்டும்" என்றார் டாக்டர்.

குதிகால் ஆற மூன்றரை மாதம் ஆயிற்று. எலும்பு கூட அதற்கு முன்னால் கூடிவிட்டது! நடுவில் ஒரு வாரம் புண்ணில் சீழ் வைத்து, "ஆழமாகப் போய்விட்டால் என்ன செய்வது?" என்று டாக்டரே யோசனையில் ஆழ்ந்த நாட்களை நான் மறக்க மாட்டேன். சர்க்கரைக்காரர்களுக்குக் குதிகாலில் புண் வந்தால் அது எங்கே போய் முடியக்கூடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

* * *

ஆபீஸுக்குத் திரும்பியதும் இந்தக் காலுறையின் ஜாதகத்தைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் டொலீடோ என்ற ஊரில் கான்ராட் ஜாப்ஸ்ட் என்று ஓர் எஞ்சினீயர் இருந்தார். அவருக்கே காலில் ரத்தக்குழாய்க் கோளாறு. நீச்சல் குளத்தில் கழுத்தளவு நீரில் நிற்கும்போது மட்டும் கால் வலி குறைவதைக் கவனித்தார். காரணம் எளியது. குளத்தில் ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுகிறது. பாதத்தில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. அதே அழுத்தத்தைத் துணியில் கொண்டுவர முடியாதா என்று யோசித்து, சென்ற நூற்றாண்டின் நடுவில் கீழே இறுக்கமும் மேலே தளர்ச்சியுமான காலுறையைச் செய்தார்.

ஆஸ்பத்திரியில் படுக்கையிலிருப்பவர்களுக்குப் போடும் காலுறையும் இந்த வகைதான். ரத்த அழுத்தம் பார்க்கிறார்களே, அதே பாதரச அளவில் கணுக்காலில் சுமார் 18 மில்லிமீட்டர், தொடையின் மேல்பக்கம் சுமார் 8 மில்லிமீட்டர் என்று கணக்கு. ஆனால் இந்தக் கணக்கு, காலுறை காலுக்குச் சரியான அளவாக இருந்து, சுருக்கமும் மடிப்பும் இல்லாமல் படிந்திருந்தால்தான் நிற்கும். மேலே சுருட்டிவிட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாகத் துணி சேர்ந்து அங்கே அழுத்தம் ஏறிவிடும். கீழே இறுக்கம், மேலே தளர்ச்சி என்ற ஒழுங்கு தலைகீழாகிறது. ரத்தத்தை மேலே ஏற்ற வந்த காலுறை, நடுவழியில் கயிறு போட்டுக் கட்டின மாதிரி அதைத் தடுத்து நிறுத்துகிறது. நான் நேர்த்தி என்று நினைத்துச் செய்தது அதைத்தான்.

இன்னொரு சமாசாரம். அட்டைப் பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினால் கயிறு எங்கே வெட்டுகிறது? பக்கங்களில் அல்ல, மூலையில். காலிலும் அப்படியே. சதைப்பிடிப்பான கெண்டைக்காலில் அழுத்தம் பரவிவிடும். முன்கால் எலும்பின் விளிம்பு, கணுக்கால் மொழி, குதிகாலின் பின்புறம் போன்ற கூர்மையான வளைவுகளில் அது குவிகிறது. அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை இல்லை. மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் நசுங்கி, தோலுக்குச் சாப்பாடு நின்றுவிடுகிறது. கொப்புளம், பிறகு புண்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த விபரீதம் என்று நினைத்திருந்தேன். அல்ல. பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்குத் தொடை வரையிலான காலுறை பயன் தருகிறதா என்று பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளில் 2,518 பேரை இரண்டு பங்காகப் பிரித்துப் பரிசோதித்தார்கள். முடிவு 2009-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்தது. உறைகட்டி காலுறை போட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு. போடாதவர்களிலும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனால் தோலில் கொப்புளம், புண் முதலிய சங்கடங்கள் காலுறை போட்டவர்களில் 64 பேருக்கு வந்தன. போடாதவர்களில் 16 பேருக்குத்தான். அதற்குப் பிறகு பக்கவாத நோயாளிகளுக்கு அந்தக் காலுறை வேண்டாம் என்று பிரிட்டனில் வழிகாட்டி எழுதிவிட்டார்கள்.

காலுறைக்குப் பதிலாகக் காற்று நிரப்பி நிரப்பி விடும் உறை ஒன்று உண்டு. பெரிய ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் சிறிய பம்பு 'புஸ், புஸ்' என்று சத்தம் போடுமே, அதுதான். அதையும் பிரிட்டனில் 2,876 பக்கவாத நோயாளிகளிடம் பரிசோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். இது பயன் தந்தது. உறைகட்டி 12.1 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் தோலில் புண் இதிலும் இல்லாமலில்லை: உறை கட்டியவர்களில் 3 சதவீதம், கட்டாதவர்களில் 1 சதவீதம்.

ஆபரேஷன் ஆனவர்களின் கதை வேறு. அவர்களுக்குக் காலுறை உறைகட்டியைக் குறைக்கிறது என்று பழைய பரிசோதனைகள் பல காட்டியிருக்கின்றன. ஆனால், ஊசி மருந்தும் போட்டுக்கொண்டு காலுறையும் போடுவதால் கூடுதல் பயன் உண்டா என்று ஏறத்தாழ 1,900 பேரிடம் பார்த்த ஒரு பிரிட்டிஷ் பரிசோதனை, பெரிய வித்தியாசம் இல்லை என்று 2020-ல் சொல்லிற்று. ஆகவே, "இவருக்குக் காலுறை அவசியந்தானா? ஊசி மட்டும் போதுமா?" என்று டாக்டரைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. நியாயமான கேள்விதான்.

* * *

ஒரு நாள் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது டாக்டர், "உங்கள் ஜில்லாக்காரர் ஒருவர்தான் இந்த வலியில்லாத காலின் ரகசியத்தை உலகத்துக்குச் சொன்னார், தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது.

அவர் பெயர் பால் பிராண்ட். பாதிரியார் தம்பதிகளின் மகனாக 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். கொல்லிமலையும் திருச்செங்கோடும் இன்றைக்கு ஒரே நாமக்கல் மாவட்டம். இங்கிலாந்தில் படித்துச் சர்ஜனாகி, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். குஷ்டரோகம் விரல்களைத் தானாகவே அழுகி விழச் செய்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் கூர்ந்து பார்த்தார். நோய் நரம்பைத்தான் கொல்கிறது. விரலைப் பறிப்பது வலி தெரியாமல் படும் காயங்கள் என்று கண்டார். சூடான பாத்திரத்தைக் கையால் எடுப்பார்கள், தெரியாது. ஆணி குத்திய காலோடு நடப்பார்கள், தெரியாது. இரவில் படுத்துக் காலையில் எழுந்தால் விரலில் ஒரு துண்டைக் காணோம் என்றுகூடச் சிலர் வந்தார்களாம். இரவு கண்விழித்துக் காவலிருந்து பார்த்தால், எலி கடித்துக்கொண்டிருக்கிறது! நோயாளி அசையாமல் தூங்குகிறார். அதன் பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குத் துணையாகப் பூனையைக் கொடுத்தனுப்பினார்களாம்.

பிராண்ட் 1966-ல் அமெரிக்கா போய், அங்கே சர்க்கரை வியாதிக்காரர்களின் பாதங்களுக்கும் இதே பாடத்தைப் பொருத்திக் காட்டினார். ஒரே அடியில் வெட்டும் காயம் வேண்டியதில்லை. சிறிய அழுத்தம் ஓயாமல் ஒரே இடத்தில் விழுந்தால் போதும், வலி தெரியாத கால் புண்ணாகும் என்றார். நமக்கெல்லாம் செருப்பு கடித்தால் உடனே கழற்றிவிடுகிறோம். தூக்கத்தில்கூடக் காலைப் புரட்டிப் போட்டுக்கொள்கிறோம். வலிதான் அப்படிச் செய்யச் சொல்கிறது. வலியை 'யாரும் விரும்பாத பரிசு' என்று பெயரிட்டு ஒரு புத்தகமே எழுதினார். 2003-ல் காலமானார்.

இதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவுக்கு வலிக்கவில்லை என்று நான் பெருமைப்பட்ட ஆறு நாட்களும், அவள் காலுக்கு ஒரு பூனைகூடக் காவல் இல்லை.

* * *

சகோதரிகளே, ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்தால் தையற்காரர் எத்தனை அளவு எடுக்கிறார்! காலுறைக்கும் அளவு உண்டு. கணுக்கால் சுற்றளவு, கெண்டைக்கால் சுற்றளவு, தொடைவரை போடுவதானால் தொடைச் சுற்றளவு, காலின் நீளம், அத்தனையும் டேப்பால் அளந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். கால் வீங்கினாலோ வற்றினாலோ மறுபடியும் அளக்க வேண்டும். அளக்காமல் மாட்ட வந்தால், "அளவு எடுத்தீர்களா?" என்று கேளுங்கள்.

நெடுநாள் சர்க்கரை, காலில் மரமரப்பு, நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, பாதத்துக்கு ரத்தம் போகாத நோய், காகிதம்போல் மெலிந்த தோல், காலில் ஏற்கெனவே புண்ணோ படையோ, அதிகமான வீக்கம், இவற்றில் ஏதாவது இருந்தால் காலுறை போடுமுன் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். அவர்கள் கேட்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

தினம் ஒரு முறையாவது காலுறையைக் கழற்றி, காலைக் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்து, தோல் முழுவதையும் பாருங்கள். தானாகப் புரள முடியாதவர்களுக்கும், உணர்ச்சி குறைந்தவர்களுக்கும், தோல் மெலிந்தவர்களுக்கும் இரண்டு மூன்று தடவை பார்க்க வேண்டும். இந்தச் சிறிது நேரத்துக்குள் ரத்தம் உறைந்துவிடாது. குதிகால், கணுக்கால் மொழி, முன்கால் எலும்பு, முழங்காலின் பின்புறம், விரல் நுனி, இவையே முக்கியமான இடங்கள்.

புத்தகங்களில் 'தோல் சிவந்திருக்கிறதா என்று பார்' என்றிருக்கும். அது வெள்ளைக்காரத் தோலுக்கு எழுதியது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு தெரியாது. பக்கத்துத் தோலைவிடக் கறுத்தோ, ஊதா ஓடியோ இருக்கும். தொட்டால் சூடாகவோ சில்லென்றோ, கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கும். அடுத்த காலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி ஏதாவது கண்டால் காலுறையைக் கழற்றிவிட்டு அன்றைக்கே டாக்டருக்குத் தெரிவியுங்கள்.

ஆனால் இதைப் படித்துப் பயந்துபோய் நீங்களாகக் காலுறையைத் தூக்கி எறிந்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். உறைகட்டியின் ஆபத்து மெய்யானது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியோ சூடோ தெரிந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று மூச்சுத் திணறினாலோ, மார்பில் வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

* * *

தை மாதத்தில் ஊருக்குப் போயிருந்தபோது, பக்கத்துச் சந்திலிருந்து ஓர் அக்கா வந்தாள். பத்து வருஷமாகத் தறிக்கு முன்னால் நிற்பவள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. "ஏனுங் பெரியம்மா, அந்த வெள்ளெ சாக்ஸ் சும்மாதானே கெடக்குது? எனக்குக் குடுங்களே" என்றாள்.

அம்மா எடுத்துக் கொடுக்கத் தயார். நான்தான் குறுக்கே விழுந்தேன். படுத்திருப்பவர்களுக்கு ஆன காலுறை நின்று வேலை செய்பவர்களுக்கு உதவாது. நரம்புச் சுருட்டலுக்குப் போடுகிறது இதைவிட அதிக இறுக்கமான வேறு ரகம். அதையும் காலின் ரத்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். "ஒரு சாக்ஸுக்கு இத்தனெ பேச்சா!" என்று அவள் மோவாயில் கை வைத்துக்கொண்டாள். மறுநாள் அவளை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் இழையை எடுத்துத் தொட்டுப் பார்த்ததும், "இத பார்றா, குறுகுறுங்குது!" என்று அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் வீட்டுக்குள் நடக்கிறாள். மலைக்கு மோட்டாரில் போய்ச் சாமியைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. ஆனாலும், "படியேறுனாத்தான் கணக்கு" என்று முணுமுணுக்கிறாள். குதிகாலில் நாணயம் அளவுக்குப் பளபளவென்று ஒரு தழும்பு இருக்கிறது. தினமும் விளக்கு வைத்ததும் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதில் பாதத்தின் அடிப்புறத்தைப் பார்த்துக்கொள்கிறாள். கண் சரியாகத் தெரியாத நாட்களில் நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இரவு எட்டு மணிக்கு நான் சென்னையிலிருந்து போன் செய்வேன். முன்பெல்லாம், "வலிக்குதா அம்மா?" என்று கேட்பேன். இப்போது, "பாத்தியா அம்மா?" என்று கேட்கிறேன்.

"பாத்தாச்சு கண்ணு. ரெண்டு காலும் செரியா இருக்குது. நீ சாப்பிட்டியா?" என்கிறாள்.